ஒரு துளி பெட்ரோல்: சிறு விமானத்தின் வடிப்பு வால்வு

ஆகாய விமானம் என்றதும் அதன் விரிந்த சிறகுகளும், சுழலும் விசிறியும், முழங்கும் எஞ்சினுமே நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. சிறகின் அடியில், விரல் நுனி அளவில் பொருத்தப்பட்டிருக்கும் ஒரு சிறு வால்வை யாரும் பொருட்படுத்துவதில்லை. எரிபொருள் தொட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் அமைந்துள்ள அதனை வடிப்பு வால்வு எனலாம்; பணிமனைகளில் டிரெயின் வால்வு என்று சொல்லுவார்கள். அது கசியத் தொடங்கினால் என்ன நேரும், அதனை மாற்றுவது எவ்வாறு, மாற்றும் வரையில் அந்த விமானம் பறக்கலாமா என்பனவற்றை இங்கே விளக்க முற்படுவோம்.

இச்செய்தியை மைசூரை முன்னிட்டுச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. ‘ஆகாசவாணி’ என்ற பெயரை ஒரு வானொலி நிலையத்துக்குச் சூட்டியவர், 1935-ல் மைசூரில் தம் இல்லத்திலேயே ஒலிபரப்பைத் தொடங்கிய மனோதத்துவப் பேராசிரியர் எம். வி. கோபாலஸ்வாமி என்பதை நேயர்களில் பலர் அறிவர். வானொலியைப் போலவே விமானத்தையும் அந்தச் சமஸ்தானம் காலத்தோடு வரவேற்றது. மைசூர் நகருக்குத் தெற்கே மண்டகள்ளியில் 1940-ல் விமானத் தளம் அமைந்தது. அதே ஆண்டு டிசம்பர் மாதம், வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியாலும் மைசூர் அரசின் பங்குடனும் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. வி. எம். காட்கேயின் தலைமையில் அங்கே வடிவமைக்கப்பட்ட எச்.டி-2 என்னும் பயிற்சி விமானம் 1951-ல் முதன்முதலாகப் பறந்தது. பறக்கும் சங்கங்களுக்கென்றே செய்யப்பட்ட ‘புஷ்பக்’ என்னும் இரண்டு இருக்கை விமானம் 1958-ல் வானேறிற்று. பெங்களூரை அடுத்த ஜக்கூரில் அரசாங்கப் பறக்கும் பயிற்சிப் பள்ளி 1948-ல் தோன்றியது. மண்டகள்ளித் தளம் புதுப்பிக்கப்பட்டு 2010-ல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே, சிறு விமானத்தைப் பறக்கவிடுவதும் பழுது பார்ப்பதும் இம்மாநிலத்தில் பல தலைமுறைகளாக நடந்துவரும் தொழில்கள்.

இனி வால்வுக்கு வருவோம். தொட்டியில் எரிபொருளை ஊற்றுவதற்கு வாய் வேண்டும். எஞ்சினுக்கு அனுப்புவதற்குக் குழாய் வேண்டும். அடியில் மூன்றாவதாக ஒரு திறப்பு எதற்கு? தண்ணீருக்காகத்தான். சிறு விமானங்கள் பயன்படுத்தும் விமானப் பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறக்குறைய 720 கிராம் எடையுள்ளது. தண்ணீரோ ஒரு லிட்டர் 1,000 கிராம். இரண்டும் கலவா. ஆகையால் தொட்டிக்குள் எவ்வழியாகத் தண்ணீர் புகுந்தாலும் அது அடியிலே போய்த் தங்கும். எஞ்சினுக்குச் செல்லும் குழாயும் அடிப்பகுதியிலிருந்தே புறப்படுவதால், தேங்கிய தண்ணீர் முதலில் எஞ்சினைத்தான் சென்றடையும். தண்ணீர் எரியாது. ஓடுபாதையை விட்டுச் சில நூறு அடி எழும்பிய நிலையில் எஞ்சின் அடங்கிப்போனால், திரும்பி வருவதற்குப் போதிய உயரமும் இராது, யோசிப்பதற்குப் போதிய நேரமும் இராது.

தண்ணீர் எவ்வாறு புகுகிறது? ஊற்று வாயின் மூடியிலுள்ள ரப்பர் வளையம் நைந்துபோனால் மழைநீர் இறங்கும். பீப்பாயிலிருந்தோ லாரியிலிருந்தோ எரிபொருளுடன் சேர்ந்து வரலாம். பாதி நிரம்பிய தொட்டியின் காலியிடத்தில் உள்ள காற்று இரவில் குளிரும்போது, அதிலுள்ள ஈரம் உட்சுவரில் பனித்து வழிந்து அடியில் சேரும். மைசூர் கடல் மட்டத்துக்கு மேல் 700 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. பகலில் வெயிலும் இரவில் குளிர்ச்சியும் மாறி மாறி வரும் மாதங்களில், திறந்த வெளியில் நிறுத்திய விமானத்துக்கு இந்த அபாயம் சிறியதன்று. மாலையிலேயே தொட்டியை நிரப்பி வைப்பது நல்லது என்று சொல்லுவதன் காரணம் இதுவே. ஆயினும் மறுநாள் ஏற்ற வேண்டிய சுமைக்கு அந்த எடை இடம்கொடுக்க வேண்டும்.

ஆகவே, அன்றைய முதல் பறத்தலுக்கு முன்பும், ஒவ்வொரு முறை எரிபொருள் நிரப்பிய பின்பும், விமானி ஒரு கண்ணாடிபோன்ற கிண்ணத்தை வால்வின் அடியில் பிடித்துச் சிறிதளவு வடித்துப் பார்க்கிறார். நிரப்பிய உடனே வடிப்பதில் பயனில்லை. தண்ணீர் அடியில் இறங்கச் சற்று நேரம் கொடுக்க வேண்டும். கிண்ணத்தின் அடியில் முத்துப்போல் ஒரு குமிழ் தனித்து நின்றால் அது தண்ணீர். கிண்ணம் முழுவதுமே தண்ணீராக இருந்துவிட்டால் கோடு எதுவும் தெரியாது. அனுபவமில்லாதவர் அதனைச் சுத்தமான பெட்ரோல் என்றே எண்ணிவிடக்கூடும். நிறம் அங்கே கைகொடுக்கிறது. இன்று பெரும்பாலும் வழங்கும் ‘100 எல்.எல்.’ என்னும் விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் ஊட்டப்பட்டிருக்கும். நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட இதனை, வடோதராவில் உள்ள சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து இந்தியன் ஆயில் நிறுவனம் 2022-ல் வெளியிட்டது. கிண்ணத்தில் நீலம் இல்லையெனில் ஐயம் கொள்ள வேண்டும்.

வடிப்பு வால்வின் முக்கியத்துவத்தை உலகம் படிப்படியாகவே உணர்ந்தது. பழைய செஸ்னா 172 விமானங்களில் சிறகுக்கு ஒன்றும், எஞ்சினுக்கு அருகிலுள்ள வடிகட்டிக் கிண்ணத்தில் ஒன்றுமாக வடிப்பிடங்கள் இருந்தன. சில செஸ்னா விமானங்களில் தொட்டி ரப்பர்ப் பையாக அமைந்திருந்தது. அந்தப் பையின் அடியில் மடிப்பு விழுந்தால், மடிப்புக்குப் பின்னால் தண்ணீர் தங்கி வால்வை வந்தடையாமலே நின்றுவிடும். இதன் பொருட்டு அமெரிக்க விமான ஆணையம் 1984-ல் ஒரு கட்டாய ஆணையே பிறப்பித்தது. 1996-க்குப் பின் உற்பத்தியான செஸ்னா 172 விமானங்களிலோ, ஒவ்வொரு சிறகிலும் 5, உடலின் அடியில் 3, ஆக 13 வடிப்பிடங்கள் அமைக்கப்பட்டன. வடிப்பிடம் பெருகினால் தண்ணீர் ஒளிந்துகொள்ளும் மூலைகள் குறையும். அதே சமயம் கசியக்கூடிய இடங்களும் பெருகும்.

வால்வின் அமைப்பு மிக எளிது. வெளிப்புறம் மரையுள்ள ஓர் உலோகக் கூடு. அதனுள்ளே மேலும் கீழும் நகரக்கூடிய ஒரு தண்டு. தண்டின் தலையில் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம். அதனைத் தன் இருக்கையில் அழுத்தி வைத்திருக்கும் ஒரு ஸ்பிரிங். கிண்ணத்தின் நடுவிலுள்ள முள் தண்டை மேலே தள்ளும்போது, வளையம் இருக்கையை விட்டு எழும்ப, எரிபொருள் வழிந்து கிண்ணத்தில் விழுகிறது. முள்ளை எடுத்தவுடன் ஸ்பிரிங் வளையத்தை மீண்டும் இருக்கையில் அமர்த்துகிறது. தொட்டியிலுள்ள எரிபொருளின் எடையும் அதே திசையில் அழுத்துவதால், நல்ல நிலையிலுள்ள வால்வு ஒரு துளியும் சிந்தாது.

அது கசிவதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, மணல், துரு, பழைய மரைப்பூச்சின் துணுக்கு முதலிய ஏதேனும் ஒன்று வளையத்துக்கும் இருக்கைக்கும் இடையே சிக்கிக்கொள்வது. இரண்டாவது, ரப்பர் வளையமே வெயிலாலும் வயதாலும் இறுகி வெடிப்பது. நெடுநாள் பறக்காமல் தொட்டி காலியாகக் கிடந்த விமானங்களில் இது மிகுதி. எரிபொருளில் ஊறியிருக்கும் வரை மென்மையாக இருந்த வளையம் உலர்ந்ததும் சுருங்கிவிடுகிறது. மூன்றாவது, வால்வு தொட்டியில் திருகப்பட்டுள்ள மரையின் வழியாகவே எரிபொருள் வெளிவருவது. முதல் இரண்டிலும் துளி வால்வின் நடுத்துவாரத்திலிருந்து விழும். மூன்றாவதில் கூட்டைச் சுற்றி ஈரம் படரும். ஈரம் காய்ந்த இடத்தில் நீலக் கறை நிற்கும். அந்தக் கறையைத் துடைத்துவிட்டு, மீண்டும் எங்கே தோன்றுகிறது என்று கவனிப்பதே நோயை அறியும் வழி.

ஒரு துளிதானே, அதனால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். கணக்கிட்டுப் பார்ப்போம். 20 துளிகள் ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஒரு துளி வீதம் ஒரு மணி நேரத்தில் 180 மில்லிலிட்டர். ஒரு நாளில் 4 லிட்டருக்கும் மேல். அளவைக் காட்டிலும் ஆவிதான் பெரிய அபாயம். விமானப் பெட்ரோல் கடுங்குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை விடக்கூடியது. அந்த ஆவி காற்றினும் கனமானதாகையால் தரையோடு படர்ந்து, கொட்டகையின் பள்ளங்களில் தேங்கும். சற்று தூரத்தில் எழும் ஒரு பொறி அதற்குப் போதும். மேலும், இன்று துளியாக ஒழுகும் வளையம் நாளையும் அவ்வளவிலே நிற்கும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை.

கீழ்ச்சிறகு விமானங்களில் நிலைமை இன்னும் நுட்பமானது. மேற்சிறகு விமானத்தில் எரிபொருள் தன் எடையாலேயே எஞ்சினை நோக்கி இறங்குகிறது. கீழ்ச்சிறகு விமானத்திலோ பம்பு அதனை உறிஞ்சி மேலே ஏற்ற வேண்டும். உறிஞ்சும் குழாயின் வழியிலுள்ள வடிகட்டிக் கிண்ணத்தின் வால்வு சரியாக மூடாவிட்டால், எரிபொருள் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். வெளியில் ஈரமே தென்படாமல் எஞ்சின் தடுமாறக்கூடும். ஆகவே, வடித்த பின் வால்வு நன்கு மூடிக்கொண்டதா என்று பார்ப்பது, வடிப்பதைப் போலவே இன்றியமையாத கடமை.

இங்கே மனித மனத்தின் பலவீனத்தையும் சொல்லத்தான் வேண்டும். காலை 6 மணிக்குப் பறக்க வேண்டிய மாணவர் சிறகடியில் ஒரு துளி தொங்குவதைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வானம் தெளிந்திருக்கிறது. பயிற்சிக்குப் பெற்றோர் கடன் வாங்கிப் பணம் கட்டியிருக்கலாம். உரிமம் பெற இன்னும் பல மணி நேரம் பறக்க வேண்டியிருக்கலாம். துளியைத் துடைத்துவிட்டுப் புறப்படலாம் என்று மனம் ஆசை காட்டும். அவ்வேளையில் அதனை எழுதி வைத்து, விமானத்தை நிறுத்திவிட்டு, பொறியாளரை அழைப்பவரே விமானியாவதற்குத் தகுதி பெற்றவர். அன்றைய ஒரு மணி நேரம் போனால் மறுநாள் கிடைக்கும்.

கசிவை அடக்கக் குறுக்கு வழிகள் சிலவும் உண்டு. வால்வை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு திருகாணியால் அடைத்துவிடலாமே என்பர் சிலர். கசிவு நிற்கும், ஆனால் தண்ணீரை வடிக்கும் வழியும் அடைபட்டுவிடும். முழுமையாக மூடுவதும் முழுமையாகத் திறப்பதுமாகிய இரண்டு கடமைகளை உடையது அந்த வால்வு. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிடுவது பரிகாரமாகாது. வேறு சிலர், தொட்டியைக் காலி செய்யாமலே பழையதைக் கழற்றி, விரலால் துவாரத்தை அடைத்து, நொடியில் புதியதைத் திருகிவிடலாம் என்பர். கைத்தேர்ச்சியைக் காட்ட அது உதவலாம். ஆனால் முழங்கை வழியாக உடையெல்லாம் பெட்ரோல் வழிய, ஈயம் கலந்த அத்திரவம் கண்ணிலும் தோலிலும் பட, மரையைச் சுத்தம் செய்யவோ சோதிக்கவோ நேரமின்றி அந்த வேலை முடிகிறது. மரை ஒருமுறை பிடிக்காமல் நழுவினால் தொட்டி முழுவதும் தரையில் கொட்டும்.

முறையான வழியைப் பார்ப்போம். முதலில் செய்ய வேண்டியது மிகச் சிறிய வைத்தியம். வால்வைச் சில முறை நன்றாகத் திறந்து, எரிபொருளை வேகமாக ஓடவிட வேண்டும். இடையில் சிக்கியிருந்த துணுக்கு அடித்துக்கொண்டு போய், கசிவு அப்போதே நின்றுவிடக்கூடும். அவ்வாறு நின்றாலும், வந்த துணுக்கு எதுவென்று கிண்ணத்தில் பார்த்து, கசிவு மீளாததைச் சற்று நேரம் காத்திருந்து உறுதி செய்தல் வேண்டும். நிற்காவிடில் மாற்ற வேண்டியதே.

மாற்றும் பாகம், அந்த விமானத்தின் உதிரிப்பாகப் பட்டியலில் குறித்த எண்ணுடையதாகவும், தகுதிச் சான்றிதழுடன் வந்ததாகவும் இருக்க வேண்டும். கடைத்தெருவில் கிடைக்கும் வாஷர் அளவில் ஒத்திருக்கலாம். அதன் ரப்பர் பெட்ரோலில் ஊதிப் பருத்து உருக்குலையாது என்று யார் உறுதி கூறுவார்? சிலவகை வால்வுகளில் வளையத்தை மட்டும் மாற்றலாம். சிலவற்றில் வால்வையே மாற்ற வேண்டும். இதனைச் சொல்ல வேண்டியது தயாரிப்பாளரின் பராமரிப்பு நூல்.

வேலை செய்யும் இடம் காற்றோட்டமுள்ளதாக இருக்க வேண்டும். பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பற்றவைப்பு, கிரைண்டர், கைபேசி, பீடி, சிகரெட் எதுவும் அருகில் வரலாகாது. தீயணைப்புக் கருவி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். விமானத்தைத் தரையுடன் இணைத்து, விமானத்தையும் எரிபொருள் பிடிக்கும் பாத்திரத்தையும் ஒரு கம்பியால் பிணைக்க வேண்டும். பெட்ரோல் ஓடும்போது நிலைமின்சாரம் தோன்றும். பிணைப்பு இருந்தால் அது பொறியாகப் பாயாது. இதே காரணத்தால் சாதாரண பிளாஸ்டிக் வாளி இவ்வேலைக்கு உதவாது. பிறகு தொட்டியை முழுவதும் வடிக்க வேண்டும். வடித்த பெட்ரோல் மூடிய கலத்தில், பெயரெழுதி வைக்கப்பட வேண்டும்.

பூட்டுக்கம்பி இருந்தால் அதனை வெட்டி எடுத்து, பொருத்தமான ஸ்பானரால் வால்வைத் திருகிக் கழற்ற வேண்டும். இங்கே கைபலத்துக்கு வேலையில்லை. வால்வு பெரும்பாலும் பித்தளை; தொட்டியோ மெல்லிய அலுமினியம். இரண்டும் மோதினால் மென்மையானதே தோற்கும். தொட்டியிலுள்ள மரைப்பகுதி தனியாகத் திரும்பக்கூடியதானால், இன்னொரு ஸ்பானரால் அதனை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சிறிய வால்வை அவசரமாகத் திருகியதால் தொட்டியின் பற்றவைப்பில் வெடிப்பு விழுந்தால், ஒரு மணி நேர வேலை ஒரு மாத வேலையாகிவிடும். கழற்றிய பின், மரையிலுள்ள பழைய பூச்சைத் துணுக்குகள் உள்ளே விழாதவாறு துடைத்தெடுத்து, விளக்கின் உதவியால் மரை சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்விளக்கும் பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் பயன்படுத்தத் தக்கதாக இருத்தல் அவசியம்.

புதிய வால்வின் மரை கூம்பாக இருந்தால், நூலில் குறித்த, பெட்ரோலில் கரையாத பூச்சை மெல்லியதாகத் தடவ வேண்டும். தொட்டிக்குள் நுழையும் முதல் மரையை வெறுமையாக விட வேண்டும். மரை நேரானதாக இருந்து, தலையின் கீழ் வளையம் வைத்து மூடும் வகையானால், பூச்சுக்கு வேலையில்லை. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடாவை இங்கே சுற்றலாகாது. அதன் நூல்நூலான துண்டுகள் பிரிந்து வடிகட்டியையும் கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளையும் அடைத்துவிடும். முதலில் கையால் திருகி, மரை நேராகப் பிடித்ததை உணர்ந்த பின்பே ஸ்பானரை எடுக்க வேண்டும். குறித்த இறுக்கத்துக்கு மேல் ஒரு சுற்றும் கூடாது. கூம்பு மரையை மிகையாக இறுக்கினால் தொட்டியின் வாய் விரிந்து பிளக்கும்.

பின்பு சோதனை. முதலில் சில லிட்டர் மட்டும் ஊற்றி, உலர்ந்த துணியால் துடைத்துக் காத்திருக்க வேண்டும். ஈரம் இல்லையெனில் தொட்டியை நிரப்பி மீண்டும் பார்க்க வேண்டும். எரிபொருளின் உயரம் கூடக்கூட அடியில் அழுத்தமும் கூடும் அன்றோ? வால்வைப் பல முறை திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் துளி நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். முதலில் வடிப்பதில் தூசியோ பூச்சின் துணுக்கோ வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வடிகட்டிக் கிண்ணத்து வால்வாயின் எஞ்சினை ஓட்டியும் சோதிக்க வேண்டும். பூட்டுக்கம்பி வேண்டிய இடத்தில் அதனை இறுகும் திசையில் இழுக்கும்படி முறுக்கிக் கட்ட வேண்டும். முதல் பறத்தல் முடிந்து இறங்கியதும் இன்னொரு முறை குனிந்து பார்ப்பது நல்லது. எஞ்சினின் அதிர்வும் சிறகின் அசைவும் தரையில் வெளிப்படாத குறையை வெளிப்படுத்தக்கூடும்.

கடைசி வேலை பேனாவினுடையது. கழற்றியது எது, பொருத்தியது எது, எந்த நூலின்படி, எந்த நாளில் என்பன விமானத்தின் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். பாரதத்தில் பதிவான விமானத்தை மீண்டும் பணிக்கு விடுவதற்கு, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் உரிமம் பெற்ற பொறியாளர் கையொப்பமிட வேண்டும். நெடுங்காலம் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்துவந்த இத்துறைக்கு, 2024-ல் இயற்றப்பட்ட பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி முதல் அடிப்படையாக உள்ளது. சட்டம் மாறினாலும் கையொப்பத்தின் பொருள் மாறவில்லை. இந்த விமானத்தில் ஏறப்போகும், தாம் அறியாத ஒருவருக்குப் பொறியாளர் தம் பெயரால் அளிக்கும் வாக்குறுதி அது.

கர்நாடகத்திலும் பிற மாநிலங்களிலும் குடியேறி வாழும் தமிழன்பர்களில் தொழிற்சாலைகளிலும் பணிமனைகளிலும் உழைப்போர் பலர். அவர்களுடைய பிள்ளைகள் விமானியாகவும் விமானப் பராமரிப்புப் பொறியாளராகவும் பயில விரும்பும் காலம் இது. அத்தகைய பள்ளியைத் தேடும் பெற்றோர், கட்டணத்தையும் கட்டடத்தையும் விசாரிப்பதோடு இன்னொன்றையும் விசாரிக்கலாம்: மாணவர் ஒரு குறையை எழுதி வைத்து விமானத்தை நிறுத்தினால், அங்கே அவரைக் கடிந்துகொள்வார்களா, பாராட்டுவார்களா? பாடநூலுக்குள் அடங்காத பெரும் பகுதி அந்த விடையில் இருக்கிறது.

நம் இல்லத்துச் சமையல் எரிவாயு உருளையிலும் இதே போன்ற ஒரு ரப்பர் வளையம்தான் நம் குடும்பத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது. உருளை மாற்றும்போது அதனைக் கண்ணால் பார்த்து, சோப்பு நீரால் கசிவைச் சோதித்து, பழுதானதை உரியவரைக் கொண்டு மாற்றச் செய்யும் இல்லத்தரசிக்கு, மேலே சொன்னவற்றில் புதியது ஏதும் இராது. சிறகடியில் குனிந்து கிண்ணம் பிடிக்கும் விமானியும், அடுப்படியில் குனிந்து சோப்பு நுரையைப் பார்க்கும் அவரும் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒன்றே.